விட்டுவிட்டுத் தெரியும் பந்து: ஸ்ட்ரோப் கண்ணாடி விக்கெட் கீப்பருக்கு உதவுமா?

ராணிப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் மகனுக்கு 14 வயது. பள்ளி அணியில் விக்கெட் கீப்பர். கோடைப் பயிற்சி முகாம் ஒன்றில் அவனுக்கு, பார்வையை விட்டுவிட்டு மறைக்கும் ஸ்ட்ரோப் கண்ணாடியை அணிவித்துப் பந்து பிடிக்க வைத்திருக்கிறார்கள். அதே கண்ணாடியை 25,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் அவனது கீப்பிங் தேறுமா, அதனால் கண்ணுக்கு ஏதும் கெடுதல் வருமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேள்வி பணத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று எனக்குப் படுகிறது: பார்வையை விட்டுவிட்டு மறைத்துக்கொண்டு பழகிய திறன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆட்டத்தில் நிற்கும்போது கையோடு வருமா? அதற்கு விடை கிடைத்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பது தானாகவே தெளிந்துவிடும்.

நான் காட்பாடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். கணுக்கால் சுளுக்கு, முழங்கால் தசைநார்க் கிழிவு, தோள் வலி என்று என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விளையாடும் பிள்ளைகள். பார்வையைக் குறைத்து உடலைப் பழக்குவது எங்கள் துறையில் அன்றாடம் செய்யும் வேலை என்பதால்தான் இக்கேள்விக்கு விடை எழுத முன்வந்தேன். நான் கண் மருத்துவர் அல்லன். கிரிக்கெட் பயிற்சியாளனும் அல்லன். ஆகவே கண்ணின் உடல்நலம் பற்றி நான் சொல்பவை பொதுவான எச்சரிக்கைகள் மட்டுமே.

முதலில் கருவியைப் பற்றி. இந்தக் கண்ணாடியின் வில்லைகள் திரவப் படிகத்தால் ஆனவை. மின்சாரத்தின் கட்டளைப்படி அவை ஒரு கணம் தெளிவாகவும் அடுத்த கணம் மங்கலாகவும் மாறுகின்றன. இத்தகைய கண்ணாடியை ஆய்வுக்கூடத்துக்காக டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பால் மில்கிராம் 1987-இல் விவரித்தார். விளையாட்டு வீரர்களிடையே முதலில் பரவலாகப் புழங்கிய நைக்கி நிறுவனத்தின் கண்ணாடியில் எட்டு நிலைகள் இருந்தன. எல்லா நிலைகளிலும் பார்வை திறந்திருக்கும் நேரம் 100 மில்லி நொடிதான். மறைந்திருக்கும் நேரம் மட்டும் முதல் நிலையில் 67 மில்லி நொடியில் தொடங்கி எட்டாம் நிலையில் 900 மில்லி நொடி வரை நீண்டது. நிலை ஏற ஏற இருட்டு நீள்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகன் எந்த நிலையில் பழகினான் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலை தெரியாமல் அந்தப் பயிற்சியைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

பார்வை அறுந்து அறுந்து வந்தாலும் பந்தைப் பிடிக்க முடிகிறதே, அது எப்படி என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். நாம் ஒவ்வொருவரும் நிமிடத்துக்குப் பலமுறை கண்ணிமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி உலகை மறைக்கிறது. எழுத்தின் ஒலியை அளக்கக் கண்ணிமைக்கும் நேரத்தையே மாத்திரையாகக் கொண்ட மொழி நம்முடையது. ஆயினும் அந்த இருட்டை நாம் உணர்வதே இல்லை. மூளை, கடைசியாகப் பார்த்ததைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடுகிறது. இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டிக்பி எலியட்டும் அவருடன் மில்கிராமும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் 20 மில்லி நொடிக் காட்சித் துணுக்குகளைக் கொண்டே மனிதர்கள் பந்தைப் பிடித்தார்கள்; ஆனால் துணுக்குகளுக்கு இடையிலான இருட்டு சுமார் 80 மில்லி நொடியைத் தாண்டியதும் பிடிகள் நழுவத் தொடங்கின. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் பாராமல் இருந்தோம் என்பதே அங்கு முக்கியமாயிற்று. அதற்கு முன்பே, 1970-இல், இங்கிலாந்தில் வைட்டிங்கும் அவர் குழுவினரும் இருட்டறையில் பந்துக்குள் விளக்கு வைத்து, அது ஒளிரும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். ஒளிர்ந்த நேரம் கூடக்கூடப் பிடிகளும் கூடின. இவை பலவிதமாகச் சோதிக்கப்பட்ட செய்திகள். இவ்வளவில் எனக்கு ஐயமில்லை.

இந்த எண்களை மைதானத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் மகன் வயதுப் பையன்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து நொடிக்கு 22 மீட்டர் செல்லும். முதல் நிலையின் 67 மில்லி நொடி இருட்டில் அது ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். அதை மூளை நிரப்பிக்கொள்ளும். எட்டாம் நிலையின் 900 மில்லி நொடியிலோ பந்து 20 மீட்டர் கடக்கிறது. கிரிக்கெட் பிட்ச்சின் நீளமே 20.12 மீட்டர்தான். அதாவது பந்து பந்துவீச்சாளரின் கையை விட்டுக் கிளம்பியதைக்கூடப் பையன் பார்த்திருக்கமாட்டான். அது அவன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஆகவே எந்த நிலையிலும் இந்தக் கண்ணாடியோடு தோல் பந்து கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் இப்படித் தோல் பந்தை எறிந்து பழக்கியதில் சுண்டுவிரல் எலும்பு முறிந்த பையனுக்கு ஆறு வாரம் கழித்து விரலை மடக்கப் பழக்கியவன் நான். அவன் நல்ல கீப்பர். அந்தப் பருவம் முழுவதும் அவன் விளையாடவில்லை.

இனி நண்பரின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இயக்கத் திறனைக் கற்பது பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலமாக நிற்கும் கருத்து ஒன்று உண்டு: எந்தப் புலனை நம்பிப் பழகுகிறோமோ, அந்தப் புலனோடு திறன் பின்னிப் பிணைந்துவிடுகிறது. கனடாவில் லூக் புரோட்டோ 1987-இல் நடத்திய ஆய்வில், சிலர் ஒரு குறியை நோக்கிக் கையை நகர்த்த 200 முறை பழகினார்கள், சிலர் 2000 முறை பழகினார்கள். பிறகு பார்வையை எடுத்துவிட்டுச் சோதித்தபோது, பார்வையோடு அதிகம் பழகியவர்களே அதிகம் தடுமாறினார்கள். பழக்கம் கூடினால் கண்ணின் துணை தேவையற்றுப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கு நடந்ததோ நேர்மாறு. பழகப் பழகக் கை இன்னும் இறுக்கமாகக் கண்ணைப் பற்றிக்கொண்டது. சைமன் பென்னட்டும் எலியட்டும் பிறரும் 2004-இல் ஒற்றைக்கையால் பந்து பிடிப்பதை ஆராய்ந்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது: விட்டுவிட்டுத் தெரியும் பார்வையில் பிடிக்கும் திறன் அதே நிலையில் பழகியவர்களுக்குத் தேறியது, முழுப் பார்வையில் பழகுவது அதற்கு ஈடாகவில்லை. ஆகவே கண்ணாடி போட்டுப் பழகினால் கண்ணாடியோடு பிடிப்பது தேறும் என்பது உறுதி. உங்கள் மகனிடம் முகாமில் நீங்கள் கண்ட முன்னேற்றம் பொய்யில்லை. ஆனால் ஆட்டத்தில் அவன் அந்தக் கண்ணாடியை அணியப்போவதில்லையே!

கண்ணாடியைக் கழற்றிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் ஐயம் தொடங்குகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அப்பெல்பாம், மிட்ராஃப் முதலியோர் 2011-இல் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்குப் பார்வையின் நடுப்பகுதியில் அசைவை உணரும் நுட்பமும் கணநேரம் தோன்றுவதைக் கவனிக்கும் ஆற்றலும் கூடின. பல பொருள்களை நெடுநேரம் பின்தொடரும் கவனம் கூடவில்லை. அடுத்த ஆண்டு அதே குழுவினர், குறுகிய நேர நினைவில் கிடைத்த பயன் 24 மணி நேரம் கழித்தும் இருந்ததாகக் கண்டார்கள். இவை கணினித் திரை முன் அளந்தவை என்பதை மறக்கக் கூடாது. களத்தில் அளந்தவற்றில் அதிகம் பேசப்படுவது, பனி ஹாக்கி தொழில்முறை வீரர்களிடம் 2013-இல் வெளியான முன்னோட்ட ஆய்வு. கண்ணாடி அணிந்து பழகியவர்களின் திறன் 18 விழுக்காடு கூடியது என்று விற்பனையாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதில் பங்கேற்றவர்கள் மொத்தம் 11 பேர். கண்ணாடி அணிந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரை வைத்துக்கொண்டு ஒரு மருந்தை நான் நோயாளிக்குப் பரிந்துரைக்கமாட்டேன். வில்கின்ஸும் ராப் கிரேயும் 2015-இல் 30 பேரிடம் டென்னிஸ் பந்து பிடிக்கச் சொல்லி நடத்திய ஆய்வு இன்னும் நிதானமானது: இருட்டைப் படிப்படியாக நீட்டிப் பழகியவர்களுக்கும் ஒரே குறுகிய அளவில் பழகியவர்களுக்கும் இடையே பிடிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆனால் பார்வை நுட்பம் எவரிடம் கூடியதோ அவரிடம் பிடிகளும் கூடும் போக்கு தெரிந்தது. சிலருக்குப் பயன் இருக்கலாம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. எல்லோருக்கும் பயன் என்ற உறுதி இல்லை.

ஆய்வுகளை விட்டு, என் கண் முன் நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடமிருந்து கண்ணாடியை இரவல் வாங்கி, மூன்று பையன்களை வைத்து மூன்று வாரம் டென்னிஸ் பந்தில் பழக்கினேன். முதல் நாள் கைகள் பந்து போன பிறகே மூடின. ஒருவன் பந்து நெஞ்சில் பட்டதும் சிரித்துவிட்டான். இரண்டாம் வாரத்தில் கண்ணாடியோடு பத்துக்கு ஏழு, எட்டு பிடித்தார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் மூவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தை சொன்னார்கள்: “சார், பந்து மெதுவா வருது!” எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து, கண்ணாடி இல்லாமல், ஒரே தூரத்திலிருந்து ஒரே கையால் ஐம்பது பந்துகள் எறிந்து எண்ணிப் பார்த்தபோது, இருவருக்குப் பழைய எண்ணிக்கையே வந்தது. ஒருவன் மட்டும் நான்கு பந்துகள் கூடுதலாகப் பிடித்தான். நான்கு பந்து என்பது அன்றைய தூக்கத்தைப் பொறுத்துக்கூட மாறக்கூடிய எண். கல் மூட்டையை இறக்கிவைத்தவனுக்கு உடம்பு பறப்பதுபோல் இருக்கும்; அதனால் அவன் பலசாலி ஆகிவிட்டான் என்று பொருளில்லை. பயிற்சி முடிந்தவுடன் தெரியும் எளிமையையும், நாட்கள் கழித்தும் நிற்கும் கற்றலையும் பிரித்துப் பார்க்காதவரை இந்தத் துறையில் எவரும் தம்மையறியாமலேயே ஏமாந்துவிடுவார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அதில் நியாயமும் உண்டு. பயிற்சியில் உதவியைக் குறைத்தால் அன்றைய செயல்பாடு குறைந்தாலும் கற்றல் ஆழமாகும் என்பது நிறுவப்பட்ட கருத்து. வின்ஸ்டைனும் ஷ்மிட்டும் 1990-இல், ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் முடிவைச் சொல்லிப் பழக்கப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவைச் சொல்லிப் பழக்கப்பட்டவர்களே பிந்தைய சோதனையில் மேலாக நின்றதைக் காட்டினார்கள். கண்ணாடியும் இப்படித்தானே உதவியைக் குறைக்கிறது என்று கேட்கலாம். ஆனால் அங்கு குறைக்கப்பட்டது, செயல் முடிந்த பிறகு வெளியாள் சொல்லும் முடிவு. இங்கு மறைக்கப்படுவது, செயல் நடக்கும்போதே கையை வழிநடத்தும் பார்வை. முன்னது ஆட்டத்தில் கிடைக்காது. பின்னது ஆட்டத்தில் எப்போதும் கிடைக்கும். ஆகவே அந்த முடிவை அப்படியே இதற்குப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் பார்வையைக் குறைத்துப் பழக்குவதே வீண் என்று சொல்கிறேனா என்றால், என் தொழிலே அதற்கு எதிர்ச்சாட்சி. குடியாத்தத்திலிருந்து வாலிபால் விளையாடும் பெண் ஒருத்தி, மூன்றாவது முறையாகக் கணுக்கால் பிசகி என்னிடம் வந்தாள். வீக்கம் வடிந்து, வலியும் போய், நடப்பதில் குறையே தெரியவில்லை. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன். சுவரில் இருந்த நாட்காட்டியை வெறித்துப் பார்த்தபடி அரை நிமிடம் அசையாமல் நின்றாள். கண்ணை மூடச் சொன்னேன். மூன்று நொடியில் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். காயம்பட்ட மூட்டு மூளைக்கு அனுப்பும் செய்தி மங்கிப்போனதால், கண் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. வலையருகே எகிறி, கண் பந்தின்மேல் இருக்கும் வேளையில் கணுக்காலைப் பார்த்துக்கொள்ள அங்கு ஆளில்லை. இத்தகையோருக்குப் பார்வையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மூட்டின் உணர்வை மீண்டும் வேலைக்கு இழுப்பதுதான் சிகிச்சை. முழுதாகக் கண்ணை மூடுவதற்கும் முழுதாகத் திறந்திருப்பதற்கும் நடுவே ஒரு படி வேண்டும். அந்த இடத்தில் இந்தக் கண்ணாடி பொருத்தமாக அமர்கிறது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் கரிகிரியில் தொழுநோயால் உணர்விழந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். சூடான டம்ளரை எடுக்குமுன் அவர்கள் கண்ணால் கையைக் காவல் காக்கப் பழக்கப்படுவார்கள். அங்கு கண்ணை நம்பப் பழக்குகிறோம். இங்கு கண்ணை விடப் பழக்குகிறோம். எந்தப் புலன் குறைந்திருக்கிறது, எந்தப் புலன் மிகுதியாகச் சுமக்கிறது என்பதைப் பார்த்த பிறகே எதையும் தீர்மானிக்க வேண்டும். உங்கள் மகன் காயம்பட்டவன் அல்லன் என்றே உங்கள் கடிதத்திலிருந்து கொள்கிறேன்.

அவன் கீப்பர் என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்ற பீல்டர்களைப் போலன்றி, கீப்பருக்கு ஆட்டத்திலேயே பார்வை மறைகிறது. சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது பேட்ஸ்மேனின் உடலும் மட்டையும் குறுக்கே வருகின்றன. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையைத் தாண்டி இரண்டு மீட்டர் பின்னால் உள்ள கிளவுஸை அடைய ஏறத்தாழ 130 மில்லி நொடி ஆகும். புதிதாகப் பார்த்து, கையைத் திருத்த அந்த நேரம் போதாது; கை முன்கூட்டியே அங்கு இருந்தாக வேண்டும். ஆகவே அவன் பழக வேண்டிய இருட்டு ஒன்று உண்டு. ஆனால் அது சீரான தாளத்தில் வந்து போகும் இருட்டன்று. பந்து தரையில் பட்டு எழும் அந்த ஓரிடத்தில், மட்டை வீசப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வருவது. புரோட்டோ, பென்னட் ஆகியோரின் முடிவுகளை நான் நம்புவதால், அவனுக்கு முன்னால் ஒருவனை மட்டையோடு நிறுத்தி, பந்தைத் தொடாமல் வேண்டுமென்றே மட்டையை வீசச் செய்து, நாளொன்றுக்கு அறுபது பந்து பிடிக்கவைப்பது கண்ணாடியைவிடப் பொருத்தமான பயிற்சி என்று கருதுகிறேன். இரண்டு கம்பங்களுக்கு இடையே இடுப்புயரத்தில் பழைய போர்வையைக் கட்டி, அதன் அடியிலிருந்து பந்து துள்ளி வெளிவருமாறு எறிவதும் நல்லது. இது என் தீர்ப்பு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு நான் சொல்லவில்லை.

கண்ணுக்குக் கெடுதல் பற்றிய அச்சத்துக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். ஆரோக்கியமான பிள்ளை நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் அணிவதால் பார்வை கெடும் என்று கருத எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், ஒளி மின்னினால் வலிப்பு வரும் குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. நொடிக்கு 15 முதல் 25 முறை வரையிலான மினுக்கலே அதிக ஆபத்தானது. இந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் அதற்கு மிகக் கீழே இயங்கினாலும், சிலருக்கு நொடிக்கு மூன்று முறையே போதும் என்பதால் நான் விலக்கு அளிப்பதில்லை. ஒற்றைத் தலைவலி உள்ள பிள்ளைகளுக்கும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இன்னொன்று: கேட்ச் விடுகிறான் என்று என்னிடம் அழைத்துவரப்பட்ட பையன்களில் சிலருக்குத் தேவைப்பட்டது சாதாரணக் கிட்டப்பார்வைக் கண்ணாடிதான். அந்தப் பரிசோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிடுங்கள். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்வை வில்லையில் வழிந்து, கண்ணாடி மறைப்பதைவிட வியர்வை மறைப்பது அதிகமாகிவிடும் என்பதால், பயிற்சி காலை ஏழு மணிக்குள் முடியட்டும்.

வாங்குவதற்கு முன் முகாமிலிருந்தோ நண்பர்களிடமிருந்தோ இரவல் பெற முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள், கண்ணாடியில்லாமல், எட்டு மீட்டர் தூரத்திலிருந்து நீங்களே ஐம்பது டென்னிஸ் பந்துகளை எறிந்து, பிடித்தவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அப்படியே செய்யுங்கள், ஏனெனில் ஒரு நாள் எண்ணிக்கையை நம்ப முடியாது. பிறகு மூன்று வாரம், வாரத்துக்கு மூன்று நாள், வழக்கமான பயிற்சியில் ஒன்றையும் குறைக்காமல், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கண்ணாடியோடு, முதல் இரண்டு நிலைகளில் தொடங்கிப் பழகட்டும். பயிற்சி முடிந்த அன்று எண்ணாதீர்கள். ஒரு வாரம் கண்ணாடியைத் தொடாமல் விட்டு, அதன் பிறகு இரண்டு நாள், அதே தூரத்திலிருந்து அதே கையால் எறிந்து எண்ணுங்கள். முடிந்தால் கண்ணாடி அணியாத அவன் நண்பன் ஒருவனுக்கும் இதே கணக்கை எழுதிவையுங்கள்; பிள்ளைகள் இந்த வயதில் சும்மாவே தேறுவார்கள். இருவர் எண்களையும் இங்கே பதிவிட்டால், என்னால் இயன்றவரை பார்த்துச் சொல்கிறேன்.